பெங்களூருப் பள்ளிகளின் உடல்நலப் பதிவேடு: அட்டையிலிருந்து திரை வரை

பள்ளிப் பிள்ளையின் உயரம், எடை, பார்வை, தடுப்பூசி, பெற்ற சிகிச்சை ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒரே ஏட்டில் விடாமல் எழுதிவரும் முறை 'தொடர் உடல்நலப் பதிவேடு' எனப்படும். லண்டனில் 1892இலும் நியூயார்க்கில் 1902இலும் செவிலியர் பள்ளிக்கூடங்களுக்குள் சென்று பணியாற்றத் தொடங்கியிருந்தனர். இந்தியாவில் பள்ளிக் குழந்தைகளுக்கான மருத்துவப் பரிசோதனை 1909இல் பரோடா நகரில் தொடங்கியது. எனினும் ஜோசப் போர் தலைமையிலான குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கை, இத்தகைய பணி நாட்டில் ஏறத்தாழ இல்லை என்றே கூறியது. ரேணுகா ராய் தலைமையிலான பள்ளி உடல்நலக் குழு, பள்ளியில் சேரும்போதும் அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பரிசோதனை வேண்டும் என 1961இல் பரிந்துரைத்தது. நான்கு ஆண்டு இடைவெளியில் பார்க்கும் மருத்துவருக்கு முந்தைய ஏடு கைக்குக் கிட்டாவிட்டால், ஒவ்வொரு பரிசோதனையும் முதல் பரிசோதனையாகவே நின்றுவிடும்.

பெங்களூருக்குப் பதிவேட்டின் கசப்பான பக்கமும் தெரியும். 1898 ஆகஸ்டில் நகருக்குள் பிளேக் நுழைந்தபோது, நோயாளிகளைத் தேடிக் கண்டறிவதும் அவர்களோடு பழகியவர்களைத் தனிமை முகாம்களுக்கு அனுப்புவதும் நடைமுறைக்கு வந்தன. பெயர் ஏட்டில் ஏறினால் வீட்டைவிட்டு அகற்றப்படுவோம் என்ற அச்சத்தில் குடும்பங்கள் நோயை மறைத்தன. பசவனகுடி, மல்லேஸ்வரம் விரிவாக்கங்களை அந்தப் பிளேக்கோடு சேர்த்து நினைவுகூர்வோர் பலர். எழுதப்படுபவரின் நம்பிக்கையைப் பெறாத ஏடு உண்மையையும் பெறாது என்பதை அதே பிளேக் காட்டியதை நினைப்போர் குறைவு.

நம்பிக்கையோடும் பொறுமையோடும் எழுதப்பட்ட ஏட்டுக்கும் இதே ஊர்தான் சான்று. 1959இல் இங்கு நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம், 1961 முதல் 1968 வரை பெங்களூரு மாவட்டத்தின் 119 கிராமங்களில் நான்கு சுற்றுகளாக ஆய்வு நடத்தியது. டியூபர்குலின் என்பது காசநோய்த் தொற்றை அறியத் தோலில் செலுத்தப்படும் சோதனைப் பொருள். மூன்றாம் நாளில் அவ்விடத்துத் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்து எழுத வேண்டும். முதற்சுற்றில் அளக்கப்பட்ட அதே குழந்தையை அடுத்த சுற்றில் தவறாமல் அடையாளம் காண முடிந்ததால்தான், யாருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டது என்பதைக் கணக்கிட முடிந்தது. அளவைக் குறித்தவரும் அதைப் பின்னர் படித்தவரும் வேறு வேறு ஆட்களாயினும் பொருள் மாறவில்லை. நல்ல பதிவின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

பள்ளிச் செவிலியரின் ஏட்டுக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். 'வயிற்று வலி, மாத்திரை கொடுக்கப்பட்டது' என்னும் வரி அடுத்து வருபவருக்கு எதையும் சொல்வதில்லை; 'காலை 10.40, வலது அடிவயிற்றில் வலி, வெப்பம் 100.2 பாரன்ஹீட், 10.55க்குத் தாய்க்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது' என்னும் வரி ஒரு பிள்ளையின் உயிரையே காக்கக்கூடும். 'கண் மங்கல்' என்பதைவிட 'வலக்கண் 6/18' என்பது துல்லியமானது. இயல்பான கண் 18 மீட்டரில் காண்பதை இக்கண் 6 மீட்டரில்தான் காண்கிறது என்பது அதன் பொருள். தவறான சொல்லை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடித்துச் சுருக்கொப்பமிடுவதும், ஏட்டை அலமாரியில் பூட்டி வைப்பதும் காகிதக் காலத்து ஒழுக்கங்கள்.

2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் (தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டம்) அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய நடமாடும் குழுக்களின் பரிசோதனையைக் கொண்டுவந்தது. பெங்களூரில் எண்ணற்ற பிள்ளைகள் பயிலும் உதவிபெறாத தனியார் பள்ளிகள் அதன் வரம்புக்கு வெளியே நிற்பதால், அங்கே பள்ளிச் செவிலியரின் ஏடே பெரும்பாலும் ஒரே ஏடு. மின்னணு உடல்நலப் பதிவேடுகளுக்கான தரநிலைகளை மத்திய அரசு 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் அமைந்த பள்ளி உடல்நலத் திட்டம் ஒவ்வொரு மாணவருக்கும் அத்தகைய பதிவேட்டை நோக்கமாகக் கொண்டது.

பழைய ஒழுக்கங்கள் திரையிலும் தொடர வேண்டும். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பதைத் தானே காத்துவைக்கும் தணிக்கைத் தடம் சுருக்கொப்பத்தின் இடத்தையும், தனிக் கடவுச்சொல் அலமாரிச் சாவியின் இடத்தையும் பெற்றுள்ளன; ஒரே கடவுச்சொல்லை நால்வர் பகிர்ந்தால் இரண்டும் பயனற்றுப்போகும். சென்ற ஆண்டின் எடையை ஒரு சொடுக்கில் நகலெடுக்கும் வசதி காகிதத்தில் இல்லாத புதிய ஆபத்து. வளரும் பிள்ளையின் எடை ஈராண்டாக மாறவில்லை என்று ஏடு காட்டினால், அது சத்துக்குறைவா நகலெடுப்பா என்று எவராலும் பிரித்தறிய இயலாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கொண்டு பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவிதியாக்கியிருப்பதால், எதை எழுதுகிறோம், யார் படிப்பார் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்வதும் செவிலியர் பணியில் சேர்ந்துள்ளது.

கட்டட வேலையும் வாடகையும் குடும்பங்களை இடம்பெயர்த்துக்கொண்டே இருக்கும் இந்நகரில், பள்ளி மாறும் பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கப்படுகிறது. அதனோடு உடல்நலப் பதிவின் ஒரு படியையும் அச்சிட்டுப் பெற்றோரிடம் ஒப்படைப்பதைப் பள்ளிகள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.