கல்வி வலையமைப்பு, இலங்கை

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பு. 'லேர்ன்' என்பது வழக்குப் பெயர். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இண்டுறுவ 1989இல் இதற்கான எண்ணத்தை முன்வைத்தார். அதையே தொடக்கமாகக் கொள்வோரும் உளர். மின்னஞ்சல் இயங்கத் தொடங்கிய காலத்திலிருந்து கணக்கிடுவோரும் உளர்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் 1983இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி, யுனிக்ஸ் இயங்குதளத்தோடு கணினிகளை இணைக்கும் டிசிபி/ஐபி நெறிமுறைகளையும் சேர்த்து வழங்கியது.

இலங்கையில் முதலில் பயன்பட்டது டிசிபி/ஐபியைவிட எளிய முறை. யுயுசிபி எனப்படும் இம்முறையில் கடிதங்கள் கணினியிலேயே தேங்கிக் கிடக்கும். குறித்த வேளையில் ஒரு கணினி மற்றதைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்தவற்றை மொத்தமாக ஒப்படைக்கும், அது அடுத்ததற்கு. பழைய முகவரிகளில் வழியிலுள்ள கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஆச்சரியக்குறிகளால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கும். கடிதம் எந்தெந்தக் கணினி வழியாகப் போகும் என்பதை முகவரியிலேயே வாசிக்கலாம். மொறட்டுவை, கொழும்பு, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவை முதலில் இணைந்தன. அமெரிக்காவிலிருந்த இலங்கைக் கல்வியாளர்களின் லக்நெற் அமைப்பு வெளிநாட்டுத் தொடர்புக்கு உதவியது. 1990 ஓகஸ்டில் '.எல்கே' களப்பெயர் நாட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு தேசிய மின்வழங்கலை இழந்தது. எரிபொருளுக்கும் மின்கலங்களுக்கும் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட ஆண்டுகள் அவை. 1991இல், எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்த ஆண்டில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் கணினி விஞ்ஞானத் துறை தொடங்கப்பட்டது. மின்கம்பியில் மின்சாரம் இல்லாத ஊரில் இத்துறையை நிறுவத் துணிந்தது தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது வளாகமும் வெறிச்சோடியது.

யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதி 2002இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை நிரலாளர்கள் எழுதிய 'சகனா' என்ற கட்டற்ற மென்பொருள் நிவாரணப் பணிக்குப் பயன்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் கட்டற்ற மென்பொருளான மீடியாவிக்கியைக் கொண்டு ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் தொகுத்துவருகிறது. '.இலங்கை' என்ற தமிழ்க் களப்பெயர் 2010இல் நடைமுறைக்கு வந்தது.