பதினாலாயிரம் பேரும் அறுபது லட்சம் பேரும்

இன்யோ, மோனோ, ஆல்பைன் என்று மூன்று கவுண்டிகள். கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியரா நெவாடா மலையும் பாலைவனமுமாகக் கிடப்பவை. மூன்றும் சேர்ந்ததுதான் மாநில செனட்டின் 28-ஆவது தொகுதி. 1960 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 14,294 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் அறுபது லட்சத்துக்கும் மேல். செனட்டில் இரண்டுக்கும் ஆளுக்கொரு இடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலையில் விழும் ஒரு ஓட்டு நகரத்தின் 420 ஓட்டுக்குச் சமம்!

யாரும் திருட்டுத்தனமாகச் செய்ததல்ல இது. 1926-இல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு. லாஸ் ஏஞ்சலஸ் வீங்குவதைப் பார்த்து வடக்கு மிரண்டது. எந்தக் கவுண்டிக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது, மூன்று கவுண்டிக்கு மேல் ஒரு தொகுதியில் சேர்க்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

அநியாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் இன்யோக்காரரிடம் அப்படிச் சொல்லிவிட முடியுமா? 1913-இல் லாஸ் ஏஞ்சலஸ் கால்வாய் வெட்டி அவர்களுடைய ஓவன்ஸ் ஆற்றைக் கொண்டுபோனது. நிலங்களை வாங்கிக் குவித்தது. ஏரி வறண்டது. 1924-லும் 1927-லும் கால்வாய்க்கு டைனமைட் வைத்தார்கள், தண்ணீர் திரும்பவில்லை. மிச்சமிருந்தது அந்த ஒரு செனட் நாற்காலி. ஷொஷோனி என்ற பாலைவனச் சிற்றூரில் கடை வைத்திருந்த சார்லஸ் பிரவுன் நெடுங்காலம் அதில் இருந்தார். நகரம் தன் நிலத்தை விற்றால் குத்தகைதாரருக்கே முதலில் தரவேண்டும் என்று 1945-இல் வந்த சட்டம் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அதற்காக அந்த நாற்காலியைப் பெரிய கேடயமாக்கிவிடவும் வேண்டாம். அவர் செனட்டில் இருக்கும்போதே, 1941-இல், மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளையும் நகரம் திருப்பிக்கொண்டது.

1948-இல் இந்த ஏற்பாட்டை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. ஆளுநர் ஏர்ல் வாரன் எதிர்த்தார், முயற்சி தோற்றது. 1964-இல் அதே வாரன் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. அலபாமா வழக்கில், சட்டமன்ற உறுப்பினர் மக்களுக்குத்தான் பிரதிநிதி, மரத்துக்கும் ஏக்கருக்கும் அல்ல என்று தீர்ப்பெழுதினார். மாநிலத்தின் இரு அவைகளும் மக்கள்தொகைப்படி அமைய வேண்டும் என்றாகிவிட்டது. ஆளுநராக இருந்தபோது தோன்றாதது நீதிபதியானதும் தோன்றியிருக்கிறது. அதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

1966 தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பத்துக்கும் மேற்பட்ட இடங்கள். டிரினிடாடில் பிறந்த மெர்வின் டைமலி அங்கிருந்து ஜெயித்தார். கலிஃபோர்னியா செனட்டுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் அவர். நாற்பது வருடம் அந்தக் கதவை அடைத்து வைத்திருந்ததில் மலையின் ஓட்டுக்கும் பங்குண்டு.

மலைக்காரர்கள் பெரிய தொகுதிகளுக்குள் கரைந்துபோனார்கள். மோனோ ஏரி வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1983-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏரியின் பக்கம் நின்றது. 1994-இல் நீர் வாரியம் ஏரி எந்த உயரத்துக்கு ஏற வேண்டும் என்று நிர்ணயித்தது: கடல்மட்டத்துக்கு மேல் 6,392 அடி. தண்ணீர் இன்னும் அந்த அளவுக்கு ஏறவில்லை.