வெற்றிலைச் சுண்ணாம்பும் கல்சியக் குளிசையும்

மூட்டு வலிக்கென்று கல்சியக் குளிசையைத் தாமாகவே வாங்கி விழுங்கும் நோட்டன் பிரிட்ஜ் உறவுகளே, ஒரு பழைய கதை கேளுங்கள்.

1915இல் சிக்காகோ வைத்தியர் பெர்ட்ரம் சிப்பி, வயிற்றுப்புண்ணுக்கு மணிக்கொருதரம் பாலும், இடையிடையே காரப் பொடியும் கொடுத்தார். வலி தணிந்தது. ஆனால் 1923இலேயே சிலருக்குத் தலைவலி, குமட்டல், சிறுநீரகப் பாதிப்பு என்று அறிக்கை வந்துவிட்டது. இரத்தத்தில் கல்சியமும் காரமும் ஏறும் நோய் அது. 1970களின் பிற்பகுதியில் புதிய வயிற்றுப்புண் மருந்துகள் வந்ததும் அருகியது; எலும்புக்கென்று கல்சியக் குளிசை பரவியபோது திரும்பி வந்தது.

1996இல் தாய்வான் வைத்தியர்கள் எழுதியதுதான் நமக்கு நெருக்கமானது: பாக்கோடு மென்ற சிப்பிச் சுண்ணாம்பாலும் இதே நோய்! (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்.)

50 தாண்டியவருக்கு உணவு, குளிசை எல்லாம் சேர்த்தே நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. வெற்றிலை போடும் பெரியவர்களை கிளினிக்குக்குக் கூட்டிப்போனால், குளிசையோடு சுண்ணாம்பையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.