மாத்திரைக்கும் வார்டுக்கும் நடுவே: ஒரகடம் தொழில்வட்டாரமும் மனச்சோர்வுக்கான பகல்நேரச் சிகிச்சையும்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் உள்ள வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய் செலவில் அதைக் கட்டியது. அருகிலுள்ள வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் வாடகை அறை எடுத்துத் தங்கி ஷிப்ட்டுக்குப் போய்வருகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இத்தனை பேருக்கு உறங்க இடம் அமைத்துத் தரும் ஆற்றல் மாநிலத்துக்கு உண்டு. அவர்களில் ஒருவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி, வேலைக்கும் போக முடியாமல், அறையில் தனியே விட்டுவைக்கவும் முடியாத நிலையில் இருந்தால், காலை பத்து மணிக்கு அவர் எங்கே இருக்க வேண்டும்? நடைமுறையில் விடைகள் இரண்டு. மாதமொருமுறை மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கி வரலாம். இல்லாவிட்டால் வார்டில் சேரலாம். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது பகல்நேரச் சிகிச்சை. காலையில் வந்து, குழுவாகவும் தனியாகவும் சிகிச்சை பெற்று, மருத்துவரின் கண்காணிப்பில் பகலைக் கழித்து, மாலையில் வீடு திரும்பும் ஏற்பாடு அது. இந்த வட்டாரத்தில் அது வேர்பிடிக்க எது தடை என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

மனநல மருத்துவர் பற்றாக்குறையைக் காரணம் காட்டுவது வழக்கம். அது உண்மை, ஆனால் விளக்கம் அங்கே முடிந்துவிடுவதில்லை. பகல்நேரச் சிகிச்சைக்கு முன்தேவைகள் இரண்டு: மாலையில் திரும்பிச் செல்ல ஒரு வீடு, பகலில் வேலைக்கு வராமல் இருக்க ஒரு விடுப்பு. தொழில்வட்டாரத் தொழிலாளிக்கு இவ்விரண்டும் வேலையோடு கட்டப்பட்டவை. வேலை போனால் விடுதி இடமும் போகும். விடுப்பு நீண்டால் வேலை போகும். ஆகவே இங்கே மனச்சோர்வுச் சிகிச்சையின் எல்லையை வரைவது மருத்துவமனையைவிடத் தொழிலாளர் சட்டமும் தங்குமிட ஒப்பந்தமும்தான் என்பது என் வாதம்.

ஒரு ஐயத்தை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் தங்கும் மையமோ பகல்நேர மையமோ தேவையில்லை. நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 2.7 விழுக்காட்டினர் அப்போது மனச்சோர்வில் இருந்ததாகவும், அவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்ததாகவும் கண்டது. இந்தப் பெரிய இடைவெளியை நிரப்பப் படுக்கைகள் வேண்டியதில்லை. கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மனநலப் பட்டம் ஏதுமில்லாமல் பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். மூன்று மாதத்தில் அவர்களிடம் சென்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோய்க்குறி நீங்கப் பெற்றார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 விழுக்காடு. அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஓரளவு கடுமையான நிலையிலும் மிகக் கடுமையான நிலையிலும் இருந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆயினும் அந்த 64-க்கு வெளியே நிற்பவர்கள் உண்டு. சாப்பாடும் தூக்கமும் அற்றுப்போனவர்கள், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருபவர்கள், மருந்து வேலைசெய்யத் தொடங்கும் முதல் சில வாரங்களைத் தனியாகக் கடக்க முடியாதவர்கள். உடனடி ஆபத்து இருந்தால் மருத்துவமனைச் சேர்க்கைதான் சரி. அதைத் தள்ளிப்போட எந்தக் கோட்பாட்டுக்கும் உரிமையில்லை. அந்த ஆபத்து தணிந்த பிறகும், அது முற்றுவதற்கு முன்பும் உள்ள காலத்துக்கே பகல்நேரச் சிகிச்சை.

கருத்து புதியதல்ல. மாஸ்கோவில் 1933-இலும், மான்ட்ரியலிலும் லண்டனிலும் 1946-இலும் பகல்நேர மருத்துவமனைகள் தொடங்கின. மாஸ்கோவில் அதற்கு உந்துதலாக இருந்தது படுக்கைத் தட்டுப்பாடு. வார்டில் சேர்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்குப் பகல்நேர மருத்துவமனை வார்டுக்கு நிகரான பலன் தருகிறது என்பதைப் பிற்காலத்து ஒப்பீட்டாய்வுகளின் தொகுப்பும் உறுதிசெய்திருக்கிறது.

தமிழ்நாட்டின் அனுபவம் வேறு வழியில் வளர்ந்தது. 1794-இல் சென்னையில் தொடங்கிய காப்பகம்தான் இன்றைய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பக மருத்துவமனை. 1961 முதல் 1978 வரை அதற்குத் தலைமை வகித்த சாரதா மேனன், நோயாளிகள் நாள் முழுதும் சும்மா கிடக்கலாகாது என்று தொழில்வழிச் சிகிச்சையை அங்கே நிலைநிறுத்தினார். பின்னர் 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தோற்றுவித்தார். 1993-இல் பிறந்த பானியன் அமைப்பு தெருவில் கைவிடப்பட்ட பெண்களிடமிருந்து தொடங்கியது. இரண்டும் மகத்தான பணிகள். ஆனால் ஸ்கார்ஃப் மனச்சிதைவை மையமாகக் கொண்டது, பானியன் வீடற்றவர்களை. வேலை, சம்பளம், விடுதி அட்டை எல்லாம் வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சரிந்துகொண்டிருக்கும் 22 வயதுத் தொழிலாளி இந்த மரபின் கண்ணில் படுவது கடினம்.

வேலூர் சி.எம்.சி. 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்துக்கு இங்கே தனி இடம் தர வேண்டும். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்பது அதன் முறை. நோயாளி தனிமைப்படவில்லை, வீட்டார் நோயைப் புரிந்துகொண்டு திரும்பினார்கள். உலகுக்கு இந்தியா தந்த நல்ல பாடங்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். ஒடிசாவிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்து ஒரகடத்தில் வேலைசெய்பவருக்கோ அதே முறை எட்டாததாகிவிடுகிறது. தாயோ தகப்பனோ தம் கூலியை விட்டுவிட்டுப் பல வாரம் உடன் தங்கினால்தான் அது நடக்கும்.

தங்கிச் சிகிச்சை பெறுவதன் இருண்ட பக்கத்தையும் தமிழ்நாடு அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநல இல்லம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அதன் பின் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. உரிமமற்ற இல்லங்கள் மூடப்பட்டன. அதற்கு மறுபுறத்தில், தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் சில வாரம் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியானது. மருந்தில்லாமலேயே நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக அது பதிவுசெய்தது. அவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு போன்ற நோய்கள் உடையவர்கள். மனச்சோர்வுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அச்சுறுத்தாத இடம், உடனிருக்கும் மனிதர், நாளுக்கு ஓர் ஒழுங்கு ஆகியவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், இவ்வகை இடங்களை உரிமையாகவே பேசுகிறது. அதன் 18-ஆம் பிரிவு புறநோயாளி, உள்நோயாளிச் சேவைகளோடு இடைநிலை இல்லங்களையும், ஆதரவுடன் கூடிய தங்குமிடங்களையும், சமூகம்சார் மறுவாழ்வு நிலையங்களையும் அரசு அமைக்க வேண்டும் என்கிறது. குறைந்தபட்சச் சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அம்மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. பகல்நேர மருத்துவமனையை அது பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை என்றாலும் மறுவாழ்வு நிலையம் என்ற கூறுக்குள் அதை அடக்கிப் படிக்கத் தடையில்லை.

வடக்குப்பட்டிலிருந்து பார்த்தால் நிலைமை இது. ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அந்தப் பக்கம் போயிற்று. வாலாஜாபாத் வழியே காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனை, சிங்கப்பெருமாள்கோவில் வழியே செங்கல்பட்டு, தண்டலத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி, சென்னைக்குள் போனால் கே.கே.நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் கீழ்ப்பாக்கமும். ஒருமுறை போய்வர இவை தூரமில்லை. வாரத்தில் ஐந்து நாள், சில வாரங்கள், சோர்ந்த உடலோடு பஸ் ஏறிப் போய்வருவதற்கு எல்லாமே தூரம். பகல்நேரச் சிகிச்சைக்குத் தூரமும் மருந்தளவைப் போன்ற ஒரு மருத்துவக் கணக்குதான்.

இனி விடுப்பைப் பார்ப்போம். தீர்வின் பெரும்பகுதி இங்கேதான் சிக்கிக் கிடக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர்கள் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வருகிறார்கள். நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள். அத்தொகை பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு வகுத்தது. சில வாரப் பகல்நேரச் சிகிச்சைக்கு 91 நாள் போதும். கட்டமைப்பு கையிலேயே இருக்கிறது. அதைத் தொடவிடாமல் செய்பவை மூன்று.

முதலாவது, 91 நாளுக்கு மேல் உதவி தேவைப்படுவோருக்கான நீண்டகால நோய்களின் பட்டியல். 34 நோய்களுக்கு, சம்பளத்தில் 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டு வரை உதவி நீள்கிறது. மனநோய்களில் மனச்சிதைவு, இருதுருவ நோய், மறதிநோய் ஆகியவற்றோடு ‘உள்ளிருந்து எழும் மனச்சோர்வு’ அதில் இடம்பெறுகிறது. மனச்சோர்வை உள்ளிருந்து எழுவது, வெளிச்சூழலால் விளைவது என இரண்டாகப் பிரித்த பழைய மருத்துவத்தின் எச்சம் இது. 1980-இல் வெளியான அமெரிக்க நோய்வகைப்பாடு அப்பிரிவினையைக் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு நோயை லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்றே பிரிக்கிறது. கடன், இரவு ஷிப்ட், குடும்பப் பிரிவு ஆகியவற்றின் நடுவே மனச்சோர்வு கண்ட ஒரு தொழிலாளியின் நோயைப் பழைய அளவுகோலின்படி வெளியிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியும். வாழ்க்கை எவ்வளவு கடினமோ அவ்வளவுக்கு உதவிக்கான தகுதி குறையும் என்பதே இந்த வாசகத்தின் தர்க்கம். நோய் எங்கிருந்து வந்தது என்பதை விட்டு எவ்வளவு கடுமை என்பதை அளவாக வைத்து அந்த வரியைத் திருத்த வேண்டும்.

இரண்டாவது, உதவித்தொகை முழு நாள் வேலையின்மையை நிபந்தனையாக்குகிறது. வேலைசெய்த நாளுக்குத் தொகை கிடையாது. மனச்சோர்விலிருந்து மீள்பவரோ படிப்படியாக வேலைக்குத் திரும்புகிறவர். முதல் வாரம் அரைநாள், பிறகு பகல் ஷிப்ட் மட்டும் என்ற ஏற்பாட்டுக்கு இங்கே இடமில்லை. முழு நோயாளி, முழு உழைப்பாளி என இரண்டே நிலைகள். மூன்றாவது, தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் பயிற்சியாளர்கள் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கிறார்கள். அதே லைனில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு 91 நாள், மற்றவருக்கு ஒன்றுமில்லை.

அடுத்து, மற்றொரு முன்தேவையான வீட்டைப் பற்றி. 2021 டிசம்பரில், ஆலைத் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையே மறிக்கப்பட்டது. விடுதிகளின் நிலை நாடறியப் பேசப்பட்டது. ஒரே நாளில் பலருக்கு ஒன்றாக வந்த நோய் அது. மனச்சோர்வு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வருகிறது. ‘ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் விடுதிக்கு அது தடயமில்லாமல் தீர்ந்துபோகிறது. சிகிச்சைக் காலத்தில் விடுதி இடம் பறிக்கப்படாது என்ற ஒரு விதி, இந்த வட்டாரத்தில் புது வார்டு ஒன்றைவிட அதிகப் பயன் தரும்.

குடும்பம் தொலைவில் உள்ளவர்களுக்கு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே ஒரு கதவு வைத்திருக்கிறது. 14-ஆம் பிரிவின்படி வயதுவந்த எவரையும் தம் நியமனப் பிரதிநிதியாக எழுதி வைக்கலாம். இரத்த உறவு வேண்டியதில்லை, அறைத்தோழி போதும். தானாக முன்வந்து சேருபவருக்கோ, 86-ஆம் பிரிவின்படி, பிரதிநிதியே தேவையில்லை. தங்கும் மையம் தேடுபவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் இதிலிருந்தே பிறக்கின்றன. மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா? மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்? நான் விரும்பினால் வெளியேற முடியுமா? போன் பேச விடுவீர்களா? கடைசி இரண்டுக்கும் தயங்கிப் பதில் சொல்லும் இடத்தை, அது மறுவாழ்வு இல்லம் என்று பலகை வைத்திருந்தாலும், தவிர்க்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இரவும் பகலும் தமிழில் பேசும்.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஆலைக்கு அருகிலேயே பகல்நேர மையம் வைத்தால் யார் போகிறார் என்பது சூப்பர்வைசர்வரை தெரிந்துவிடும். தூரத்து மருத்துவமனைதான் மறைவைத் தருகிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தரும் இரகசியக் காப்பு காகிதத்தில் வலிமையானது, கம்பெனி பஸ்ஸில் அல்ல. எனவே மையம் ஆலை வளாகத்திலோ நிறுவனத்தின் நலப்பிரிவிலோ இருக்கக்கூடாது. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் மாடியிலோ, சர்க்கரை நோய்க்கும் பிரசவத்துக்கும் மக்கள் வந்துபோகும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரு பகுதியிலோ அது இயங்க வேண்டும். விடுப்புச் சான்றில் நோயின் பெயர் நிறுவனத்துக்குப் போகக்கூடாது, நாட்களின் எண்ணிக்கை மட்டும் போதும். மாத்திரைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர், அன்றாட அமர்வுகளுக்குக் கோவாவில் பயிற்றுவித்ததைப் போன்ற ஆலோசகர்கள், அவர்களில் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் சிலர். நேரமும் ஷிப்ட்டைப் பார்த்தே அமைய வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் படுக்கப் போகிற ஒருவருக்குப் பத்து மணிக்குத் திறந்து நான்கு மணிக்கு மூடும் மையம் இருந்தும் இல்லாததே. மீண்டும் வேலைக்குத் திரும்பும் வாரங்களில் அவர் வந்துபோக மாலை நான்கு முதல் எட்டு வரை ஓர் அமர்வு வேண்டும்.