பள்ளிவாசலில் ஒரு சதுரங்க இரவு

நம் அங்கத்தினர்களில் பலருக்கு மூணாறு என்றால் தேயிலைதான் ஞாபகம் வரும். அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் பள்ளிவாசல்தான் எனக்குச் சொந்த ஊர் மாதிரி. 1940-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது இங்கேதான். என் தகப்பனார் கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து உத்தியோக நிமித்தமாக இந்த மலைக்கு வந்தவர். வரும்போது கொண்டுவந்த சொத்து ஒரு டிரங்குப் பெட்டியும், பலா மரத்தில் கடைந்த சதுரங்கக் காய்களும்.

அப்பா கற்றது திண்ணைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதலிலும் ஒரு கட்டம்தான் நகரும். ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரைபோல் தாவலாம். ராணிக்கு மந்திரி என்று பெயர். இத்தகைய நாட்டு விதிகளில் பழகிய சுல்தான் கான் மேல்நாட்டு விதிகளைக் கற்றுக்கொண்டு 1929, 1932, 1933 ஆகிய வருஷங்களில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார் என்பதை அப்பா பெருமையுடன் சொல்வார். மயிலாடுதுறையில் பிறந்து, தாயாரிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், அப்பாவும் புது விதிகளுக்கு மாறிவிட்டார்.

2010 ஏப்ரலில் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் ஆனந்துக்கும் அந்நாட்டு வீரர் டோபலோவுக்கும் உலகப் பட்டப் போட்டி. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் காரில் பிரயாணம் செய்து போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார், ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்திலேயே தோல்வி. இரண்டாவதிலும் நான்காவதிலும் ஜெயம், எட்டாவதில் மறுபடி தோல்வி. 11 ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் ஐந்தரைப் புள்ளிகள்.

எங்கள் வீட்டில் வேறொரு போராட்டம். அப்பாவுக்கு அப்போது வயது 79. இருதய ஆபரேஷன் அவசியம் என்று எர்ணாகுளத்தில் சொல்லியிருந்தார்கள். "இனி என்னத்துக்கு? போறபடி போகட்டும்" என்று பிடிவாதம். மே 12 காலை புறப்படுவதற்குக் கார் ஏற்பாடு செய்திருந்தேன். அவர் சம்மதிக்கவில்லை.

மே 11 சாயங்காலம் ஐந்தரைக்குப் பன்னிரண்டாவது ஆட்டம். கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஏழு மணிக்குக் கோடை இடி, மின்னல். எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்தது. மின்சாரம் பிறந்த ஊரில் இருட்டு! நல்லவேளை, டெலிபோன் உயிரோடு இருந்தது. சென்னையில் இருக்கும் என் மருமானைக் கூப்பிட்டேன். அவன் ஒவ்வொரு நகர்த்தலாகச் சொல்ல, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்பா பலாமரக் காய்களை நகர்த்தினார்.

இந்த ஆட்டம் சமமானால் ஒரு நாள் விட்டு துரித ஆட்டங்கள். அதில் ஆனந்த் கெட்டிக்காரர் என்பது உலகறிந்தது. அந்த நிலைக்குப் போகக்கூடாது என்று டோபலோவ் வெள்ளைக் காய்களோடு வலிய ஜெயத்தைத் தேடினார். ஆனந்த் ஆடியது லாஸ்கர் தற்காப்பு, நூறு வருஷப் பழசு. 31-ஆவது நகர்த்தலில் ஆனந்த் ஒரு சிப்பாயை முன்னே தள்ளினார். டோபலோவ் அதை எடுத்தார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயோ, எடுத்துட்டானா? ராஜா நடுத்தெருவுக்கு வந்துடுவனே!"

அப்படியேதான் ஆயிற்று. வெள்ளை ராஜா பலகை ஓரத்தில், தன் படையை விட்டு முன்னே துரத்தப்பட்டு நின்றார். பின்னால் ராணியையே கொடுத்துத்தான் டோபலோவ் உயிர் பிழைத்தார், அதுவும் சற்று நேரத்துக்கு. 56 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. "தாத்தா, ஆறரைக்கு ஐந்தரை! ஆனந்துதான் சாம்பியன்!" என்று மருமான் கத்தியது எனக்கே கேட்டது.

அப்பா வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளை மறுநாள் வரப்போற ஆட்டத்துக்குப் பயந்து இன்னைக்கு ஆட்டத்தைக் கெடுத்துண்டான், கேட்டயோ" என்றார். காய்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, மெதுவாக, "கார் எத்தனை மணிக்குடா?" என்று கேட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. 2013-ல் சென்னையில் கார்ல்சனிடம் ஆனந்த் பட்டத்தை இழந்ததையும் பார்த்தார். "நன்னா ஆடறான் அந்தப் பையன்" என்றதோடு சரி. 2016-ல் காலமானார்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டம். அன்றும் புள்ளிகள் சமம், மறுநாள் துரித ஆட்டங்கள் காத்திருந்தன. டிங் லிரன் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 18 வயது குகேஷ் உலகச் சாம்பியன்! என் பேத்தி துள்ளிக் குதித்தாள். நான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பலாமரக் காய்கள் முப்பத்திரண்டும் பத்திரமாக இருந்தன. இப்போது அவள்தான் அவற்றில் ஆடுகிறாள். ராணியை மந்திரி என்றுதான் சொல்கிறாள்.