ரீயூனியன் எரிமலையும் கடல் போடும் இரைச்சலும்

இன்னைக்கு எபிசோடு, விஞ்ஞானிகள் ரொம்ப காலம் வேண்டாம்னு ஒதுக்கி வைத்த ஒரு டேட்டாவின் கதை.

நிலநடுக்கமே இல்லாத நாளிலும் நில அதிர்வுமானியின் கோடு சும்மா இருக்காது, நடுங்கிக்கிட்டே இருக்கும். 1870-களில் இத்தாலியில் பெர்த்தெல்லி என்ற பாதிரியார் ஊசல்களைத் தொங்கவிட்டு, நுண்ணோக்கியால் பார்த்து இதைக் கவனித்தார். தரை ஓயாமல் ஆடுகிறது! காரணம் பெரும்பாலும் கடல். எதிரெதிரே வரும் அலைகள் சந்திக்கும்போது கடலடியில் அழுத்தம் ஏறி இறங்கும் என்று 1950-ல் லாங்கே-ஹிகின்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். சரி, காரணம் தெரிந்தாச்சு. அதற்குப் பிறகும் நிலநடுக்க ஆய்வாளர்களில் பெரும்பாலானவர்கள் செய்தது, அதை ஃபில்டர் போட்டு நீக்கியதுதான்.

கெய்ச்சி அகி அப்படிச் செய்யவில்லை. இந்த எபிசோடின் ஹீரோ என்னைப் பொறுத்தவரை அவர்தான். 1957-லேயே அந்தச் சின்ன நடுக்கங்களைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் பதிவு செய்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டால், அலை தரைக்குள் என்ன வேகத்தில் போகிறது என்று கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். பிறகு ஜப்பானிலிருந்து அமெரிக்கா போய், எம்.ஐ.டி.-யில் பேராசிரியர் ஆனார். நிலநடுக்கத்தின் உண்மையான அளவைச் சொல்லும் 'நில அதிர்வுத் திருப்புத்திறன்' அவர் 1966-ல் கொடுத்தது. முக்கிய அலைகள் போன பிறகும், பாறைகளில் பட்டுச் சிதறி நீண்ட நேரம் வந்துகொண்டிருக்கும் வால் பகுதியையும் அவர்தான் ஆராயத் தொடங்கினார். அதற்குப் பெயர் கோடா. ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

1995-ல், அறுபத்தைந்து வயதில், அகி குடியேறியது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில். பிரான்ஸுக்குச் சொந்தமான தீவு. (19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்ம ஆட்களின் வம்சாவளியினர் அங்கே நிறைய. ஊர்க்காரர்கள் அவர்களை 'மலபார்' என்கிறார்கள். தனி எபிசோடே போடலாம்.) அங்கேதான் பிட்டோன் த லா ஃபூர்னேஸ் இருக்கிறது, உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. 1977-ல் அதன் லாவா ஒரு ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அங்கே கண்காணிப்பு நிலையம் வந்தது. அகி அந்த மலையின் அதிர்வுகளை ஆராய்ந்தபடியே இருந்து, 2005-ல் அந்தத் தீவிலேயே காலமானார்.

இதற்கிடையே வேறு ஆட்கள் இரைச்சலைக் கையில் எடுத்திருந்தார்கள். ரெண்டு கருவிகளின் நீண்ட நாள் இரைச்சலைக் குறுக்கு ஒப்பீடு செய்தால், முதல் கருவி இருக்கும் இடத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்து, ரெண்டாவதில் பதிவு செய்த மாதிரி ஒரு அலை கிடைக்கும். கேட்டா மாயாஜாலம் மாதிரி இருக்கும். ஆனால் 2001-ல் வீவரும் லொப்கிஸும் அதை ஒரு அலுமினியத் துண்டிலேயே செய்து காட்டினார்கள். 2005-ல் ஷாப்பிரோ, கம்பியோ குழு வெறும் இரைச்சலை வைத்து கலிஃபோர்னியாவின் நிலத்தடிப் படத்தையே வரைந்தது.

எரிமலைக்கு இது ஏன் முக்கியம்? நிலநடுக்கம் எப்போது வரும்னு தெரியாது. கடலோ லீவே போடாது. தினமும் ஒரு சுத்தியல் அடி இலவசம்! இன்றைய அலையைப் பழைய சராசரி அலையோடு ஒரு டிஃப் எடுத்தால் போதும். மாற்றம் ரொம்பச் சின்னது: வேகம் 0.1 சதவீதம் குறைந்தால், 20 விநாடி பயணித்து வரும் அலை 0.02 விநாடிதான் தாமதிக்கும். நேராக வரும் அலையில் இதைப் பிடிப்பது கஷ்டம். சுற்றிச் சுற்றித் தாமதமாக வரும் வாலில் அந்தப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். ஆமாம், அகியின் கோடா.

2008-ல் ஃப்ளோரான் ப்ரெங்கியே குழு வெளியிட்ட கட்டுரை இதை அதே ரீயூனியன் எரிமலையில் செய்தது. 0.1 சதவீதத்துக்கும் குறைவான மாற்றத்தை, நாள் கணக்கில் அளந்தார்கள். ஆராய்ந்த ஐந்து வெடிப்புகளுக்கு முன்பும் வேகம் குறைந்திருந்தது. உள்ளே மாக்மா அழுத்த, மலை லேசாக உப்புகிறது; விரிசல்கள் திறக்கின்றன; அலை மெதுவாகிறது.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2006-லேயே இந்தோனேசியாவின் மெராப்பியில் சென்ஸ்-ஷோன்ஃபெல்டரும் வெக்லரும் இதே மாதிரி வேக மாற்றத்தைப் பார்த்தார்கள். காரணம் மாக்மா இல்லை, மழை! நிலத்தடி நீர் ஏறி இறங்கியதுதான் அது. ஹவாயின் கிலாவேயாவில் 2017-ல் வெளியான ஆய்வு இன்னும் குழப்பம்: அங்கே மலை உப்பும்போது வேகம் கூடியது. ஆக, ரீயூனியனில் எழுதின அலாரத்தை அப்படியே காப்பி-பேஸ்ட் செய்ய முடியாது.

தப்பான அலாரத்துக்கும் விலை உண்டு. 1976-ல் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாடலூப்பில், சூஃப்ரியேர் வெடிக்கும் என்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். எதிர்பார்த்த பெரிய வெடிப்பு வரவே இல்லை. ஒன்பது வருஷம் கழித்து, 1985-ல் கொலம்பியாவில் நேர் எதிர். நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது ஆர்மேரோ ஊரைக் காலி செய்யவில்லை. சேற்று வெள்ளத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்காணிப்பு நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் முடிவெடுக்கணும்.

இந்தக் கணக்கைப் போடும் எம்.எஸ்.நாய்ஸ் என்ற பைதான் மென்பொருளை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள். அதை எழுதியவர்களில் ப்ரெங்கியேவும் ஒருவர். மழையால் வரும் மாற்றத்தைக் கழித்துவிட்டு மாக்மாவை மட்டும் எப்படிப் பார்ப்பது என்ற வேலை இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.