ஏட்டெழுத்தும் சொல்மயக்கமும்

ஐயமும் திரிவும் நீங்கிய அறிவே குற்றமற்ற காட்சி என்பது சிவஞானசித்தியார் அளவையிற் பெறப்படுந் துணிபு. இதுவோ அதுவோ எனத் தடுமாறுதல் ஐயம்; ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிதல் திரிவு. இவ்விரண்டும் நம் சாத்திர ஏடுகளைப் படிப்பார்க்கு நேருமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

மெய்யெழுத்தும் எகர ஒகரங்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், பிற்காலத்து ஏடெழுதினோர் புள்ளியைப் பெரும்பாலும் ஒழித்தனர். ரகரமும் காலும் ஓருருவாயின. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நின்றன. சென்னைக்குத் தென்பாலுள்ள தாம்பரம் என்னும் ஊர்ப்பெயரை அம்முறையில் எழுதின், தரம்பரம், தாம்பாம், தரம்பாம் எனவும் படிக்கலாகும். ஆயினும் அவை வழக்கிலுள்ள பெயரல்ல ஆகலின், ஊரறிந்தார்க்கு மயக்கமில்லை.

இரு வடிவும் பொருளுடைய சொல்லாகும் இடத்தேதான் இடர்ப்பாடு மிகும். மனம் முதலியவற்றைக் குறிக்கும் கரணம் என்பதும், கொள்ளினைக் குறிக்கும் காணம் என்பதும் ஏட்டில் ஒன்றே. உமாபதி சிவாசாரியார் அருளிய கொடிக்கவியைக் கோடிக்கவி எனவும் படிக்கலாம். நூல் நான்கே பாடலுடையது என்பதும், தில்லைக் கொடியேற்ற வரலாறும் அறிந்தார் அங்ஙனம் படியார். செய்யுளாயின் தளையும் எதுகையும் காவலாக நிற்கும். உரைநடைக்கு அக்காவலின்மையின், உரையேடுகளே பெரிதும் அஞ்சத்தக்கன.

பயிற்சி மிக்க சொல், தன்னை ஒத்த அருஞ்சொல்லின் உணர்ச்சியைத் தடுக்கும் என இக்கால உளநூலார் ஆய்ந்து கண்டனர். ஏடு பெயர்த்தெழுதினார்க்கும் இஃது ஒக்கும். ஆகமக் குறியீடு அறியாதார் கைப்பட்ட அருஞ்சொல், அவர்க்குப் பழகிய சொல்லாய் மாறிவிடும். ஐயுற்றவன் வினவித் தெளிவான். திரிபுற்றவனோ தான் ஐயுறவேண்டும் என்பதனையும் அறியான். ஆகலின் திரிவே கொடிது.

வீரமாமுனிவர் (1680–1747) ஏகார ஓகாரங்கட்கு வேறுவடிவம் வகுத்தார். பின்னர் அச்சும் புள்ளியும் நிலைபெற்றன. எனினும் பழைய ஏடுகள் பழையபடியே உள்ளன. உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஒரு நூற்குப் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துப் பதிப்பித்தார். அவர் பெயரால் 1943-இல் நிறுவப்பெற்ற நூல்நிலையம், திருவான்மியூரை அடுத்த பெசன்ட் நகரில் அவர் தொகுத்த சுவடிகளைப் பேணுகின்றது.

கண் எழுத்தையே காட்டும். சொல்லைத் தெளிவிப்பன நூற்பயிற்சியும் ஆசிரியர்பாற் பெற்ற கேள்வியுமே. ஆகலின், சாத்திரம் பதிப்பிப்போர் தமக்கு விளங்காச் சொல்லைப் பிழையெனத் திருத்துமுன், அதனை ஒத்த பிறவடிவங்களையும் பிறபிரதிகளையும் நோக்குதல் கடன்.